தம்பியின் பாட்டும் அண்ணனின் குரலும்



வேலைக்காட்டிலிருந்து திரும்பி, குளித்து, சமையலையும் முடித்து, வானொலிக்குப் பக்கத்தில் சற்றே அமர்ந்திருப்பீர்கள். பிள்ளைகளையும் அருகில் அழைத்துக்கொள்ளுங்கள். இன்று ஓர் இசைக்குழுவின் வரலாற்றைச் சொல்லப் போகிறேன். அரசர்களின் வரலாறும் போர்களின் வரலாறும் பாடநூலில் இருக்கின்றன. பாட்டுக்காரர்களின் வரலாறு அங்கே இல்லை. ஆனாலும் நம் வாழ்க்கைக்கு வேண்டிய பாடம் சில வேளைகளில் அங்கேதான் கிடைக்கிறது.

முதலில் நமக்கெல்லாம் தெரிந்த ஒரு செய்தி. எம்.ஜி.ஆர். திரையில் வாயசைத்தால் டி.எம்.சௌந்தரராஜனின் குரல்தான் கேட்க வேண்டும் என்று நம் பெற்றோர்கள் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. 1954-இல் வெளிவந்த ‘மலைக்கள்ளன்’ தொடங்கி அந்த உறவு வேரூன்றியிருந்தது. பின்னர் 1969-இல் ‘அடிமைப்பெண்’ வந்தது. அதில் எம்.ஜி.ஆருக்காகப் புதிய இளைஞர் ஒருவர் பாடினார். அவர்தான் எஸ்.பி.பாலசுப்பிரமணியம். அப்போது அவருக்கு இருபத்து இரண்டு வயது. மக்கள் அந்தக் குரலை ஏற்றுக்கொண்டார்கள். ஏற்பதற்கு ஒரு வசதியும் இருந்தது. குரல் மாறினாலும் திரையில் தெரிந்த முகம் மாறவில்லை.

மேடையில் நின்று பாடும் குழுவுக்கு அந்த வசதி இல்லை. அங்கே முகமும் குரலும் ஒன்றே. பாடுகிறவர் போய்விட்டால் எது மிஞ்சும்? இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே, தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்த இரு சகோதரர்கள் தங்கள் வாழ்க்கையால் விடை சொன்னார்கள். அவர்களது குழுவின் பெயர் அல்லிகேட்ஸ். அண்ணன் டேவிட் ஆறுமுகம், தம்பி லோகநாதன் ஆறுமுகம். ஊர் பினாங்கு.

அவர்களைப் பற்றி நான் அறிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்து மளிகைக் கடையில் ஒரு வானொலிப் பெட்டி எந்நேரமும் பாடிக்கொண்டிருக்கும். அதில் அடிக்கடி ஒரு மலாய்ப் பாட்டு வரும். சொற்களில் பாதி எனக்குப் புரியாது. குரல் மட்டும் நெஞ்சைத் தொடும். மலாய்க்காரர் யாரோ பாடுகிறார் என்றே நான் நினைத்திருந்தேன். ஒருநாள் அரிசி வாங்க என்னை அழைத்துச் சென்ற அப்பா, பாட்டைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே, “பாடுறது நம்ம ஆளுங்கடா, பினாங்குப் பிள்ளைங்க” என்றார். நான் நம்பவில்லை. பிறகு கடைக்காரர் ஒலிநாடாவின் அட்டையைக் காட்டினார். தலை நிறையச் சுருள்முடி வளர்த்த இருவர் அதில் நின்றார்கள். முகங்கள் எங்கள் சித்தப்பாக்களின் முகங்களைப் போலவே இருந்தன.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

1960-களில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மின்கித்தார் ஒரு காய்ச்சல் போலப் பரவியது. 1961-இல் இங்கிலாந்துப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து மேடையேறினார்கள். மூன்று கித்தாரும் ஒரு முரசுத் தொகுதியும் இருந்தால் போதும், குழு அமைத்துவிடலாம் என்று நம் இளைஞர்கள் கண்டுகொண்டது அப்போதுதான். அடுத்த சில ஆண்டுகளில் பீட்டில்ஸ் குழுவின் புகழ் உலகெங்கும் பரவியது. அவர்கள் பாட்டில் வரும் ‘யே யே’ என்ற ஒலியைக் கொண்டே மலாய்ப் பாட்டில் ஒரு புதிய பாணிக்கு ‘பாப் யே யே’ என்று பெயர் வந்தது. கம்பத்திலும் நகரத்திலும் பள்ளிக்கூட மண்டபத்திலும் குழுக்கள் தோன்றின.

பினாங்கில் இதற்கு இன்னுமொரு காரணமும் இருந்தது. அது துறைமுக நகரம். கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் ஆஸ்திரேலிய விமானப்படையின் தளம் இருந்தது. 1988-இல்தான் அந்தத் தளம் மலேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. படைவீரர்களும் கப்பலில் வருகிறவர்களும் சுற்றுலாப் பயணிகளும் மாலை வேளைகளில் பாட்டுக் கேட்க விரும்பினார்கள். ஆங்கிலப் பாட்டைப் பிசகாமல் பாடத் தெரிந்த குழுவுக்கு விடுதிகளில் வேலை கிடைத்தது.

இந்தச் சூழலில் 1960-களின் கடைசியில் ஆறுமுகம் சகோதரர்கள் தங்கள் நண்பர்களோடு ஒரு குழு அமைத்தார்கள். அதன் முதற்பெயர் தெருனா ரியா. மகிழ்ச்சியான இளைஞர்கள் என்று பொருள் கொள்ளலாம். பின்னர்தான் அல்லிகேட்ஸ் என்ற பெயர் வந்தது. சந்துகளில் திரியும் பூனைகள் என்று அதற்குப் பொருள். பெயரைப் பார்த்தாலே தெரிகிறது, தங்களைப் பெரிய மனிதர்கள் என்று அவர்கள் காட்டிக்கொள்ளவில்லை. பல இனத்து இளைஞர்கள் சேர்ந்த குழு அது. முன்னால் நின்று பெரும்பாலும் பாடியவர் தம்பி லோகநாதன். அண்ணன் டேவிட் உடன் பாடுவார், குழுவைத் தாங்கி நடத்துவார்.

1970-களில் அவர்கள் ஹாங்காங்குக்குப் போனார்கள். அங்குள்ள விடுதிகளில் இரவுதோறும் பாடினார்கள். நேயர்களே, இது எத்தகைய பயிற்சி என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கேட்க வந்தவர்கள் அந்நியர்கள். யாரும் உறவுமுறைக்காகக் கைதட்ட மாட்டார்கள். நேற்றுப் பாடியதைவிட இன்று சற்று நன்றாகப் பாடினால்தான் நாளைக்கு வேலை இருக்கும். நம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களுக்கு இது விளங்கும். நேற்று நன்றாக வெட்டினேன் என்று இன்று மரத்திடம் சொல்ல முடியாது. பட்டையில் கத்தி சரியாக இறங்கினால்தான் பால் வரும்.

ஆனால் இதில் ஒரு குறை இருந்தது. அவர்கள் பாடியவை பிறர் புகழ்பெறச் செய்த பாட்டுகள். எவ்வளவு அழகாகப் பாடினாலும் கேட்பவர் மனத்தில் மூலப் பாடகரின் முகமே தோன்றும். இது மற்றவன் நிலத்தில் பயிர் செய்வது போன்றது. உழைப்பு நம்முடையது, விளைச்சலின் பெயர் வேறொருவருடையது.

காலமும் மாறிக்கொண்டிருந்தது. 1971-ஆம் ஆண்டின் முடிவுக்குள் பிரிட்டிஷ் படைகளில் பெரும்பகுதி சிங்கப்பூரை விட்டு வெளியேறிவிட்டது. விடுதிகளில் இசைத்தட்டைச் சுழலவிட்டு ஆடும் டிஸ்கோ பழக்கம் வந்தது. ஒரு குழுவுக்குச் சம்பளம் கொடுப்பதைவிட இசைத்தட்டு வாங்குவது முதலாளிக்கு மலிவு. இன்னொரு புறம், 1967-ஆம் ஆண்டின் தேசிய மொழிச் சட்டத்துக்குப் பிறகு நாட்டில் மலாய்மொழி எல்லாத் துறைகளிலும் முன்னிடம் பெற்றது. 1970-களில் இடைநிலைப் பள்ளிகளும் படிப்படியாக மலாய்க்கு மாறின. தமிழ்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் சேர்ந்து கேட்கக்கூடிய பாட்டு எந்த மொழியில் இருக்கும் என்பதைக் காலமே முடிவு செய்துகொண்டிருந்தது.

நாடு திரும்பிய அல்லிகேட்ஸ் குழுவினர் 1970-களின் பிற்பகுதியில் ஒரு பெரிய திருப்பத்தை மேற்கொண்டார்கள். ஆங்கிலப் பாட்டின் பிரதியை விட்டுவிட்டு, தங்களுக்கென்றே எழுதி இசையமைத்த மலாய்ப் பாட்டுகளைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். சிங்கப்பூரில் பிறந்து பின்னாளில் மலேசியாவின் பெரும் இசைக்கலைஞராக விளங்கிய எம்.நாசிர் போன்றவர்கள் அவர்களுக்கு இசையமைத்தார்கள். மெல்லிய காதல் பாட்டுகள், பிரிவைச் சொல்லும் பாட்டுகள், இறப்பை நினைந்து உருகும் பாட்டுகள் வந்தன. ஹாங்காங் விடுதியின் துள்ளல் குறைந்தது. லோகநாதனின் மென்மையான, உருக்கமான குரலுக்கு ஏற்ற இடம் கிடைத்தது. 1980-களில் மலேசியா, சிங்கப்பூர் வீடுகளில் அவர்கள் பாட்டு ஒலிக்காத நாள் அரிது என்று சொல்லலாம்.

இங்கே சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். தமிழ்ப் பிள்ளைகள் மலாயில் பாடிப் பெயர் வாங்கினார்கள் என்றால் தமிழை விட்டுவிட்டார்கள் என்றுதானே பொருள்? தமிழ்ப்பள்ளி ஆசிரியன் என்ற முறையில் இந்தக் கேள்வி எனக்கும் உறுத்தாமல் இல்லை. ஆனால் வரிசையைச் சரியாகப் பார்க்க வேண்டும். அவர்கள் தமிழிலிருந்து மலாய்க்குப் போகவில்லை. ஆங்கிலத்திலிருந்து மலாய்க்கு வந்தார்கள். கடல்கடந்த பாட்டிலிருந்து தாங்கள் பிறந்த மண்ணின் பாட்டுக்கு வந்தார்கள். ஆறுமுகம் என்ற தந்தை பெயரை மாற்றிக்கொள்ளவும் இல்லை. மலாய்க் கம்பத்து வீடுகளில் ஒரு தமிழ்ப் பெயரை உறவினர் பெயர்போல உச்சரிக்க வைத்தார்கள். அதைச் சிறிய செயல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தமிழில் அவ்வாறு ஒரு குழு வளர்ந்திருக்க வேண்டும் என்ற ஏக்கம் வேறு. அதை நிறைவேற்ற வேண்டியவர்கள் நாம். அந்தக் கடனை அவர்கள் தலையில் சுமத்துவது முறையாகாது.

இது முதல் மாற்றம். அவர்களாக விரும்பிச் செய்தது. அடுத்த மாற்றம் அவர்கள் விரும்பாமல் வந்தது.

அதைச் சொல்வதற்கு முன், வெளிநாட்டுக் குழுக்கள் இரண்டைப் பார்த்துவிடுவோம். பாடகரை இழப்பது எவ்வளவு கடினம் என்பது அப்போது தெளிவாகும்.

இங்கிலாந்தில் ஜெனிசிஸ் என்றொரு குழு. அதன் பாடகர் பீட்டர் கேப்ரியல் 1975-இல் விலகினார். குழுவினர் பலரை அழைத்துப் பாடவைத்துப் பார்த்தார்கள். எவரும் மனத்துக்கு நிறைவாக அமையவில்லை. கடைசியில், பின்னால் உட்கார்ந்து முரசு வாசித்துக்கொண்டிருந்த ஃபில் காலின்ஸ் முன்னால் வந்து பாடினார். 1976-இல் அவர் குரலோடு புதிய இசைத்தட்டு வந்தது. நீண்ட கதைபோன்ற பாட்டுகளைப் பாடிய குழு, போகப் போகச் சுருக்கமான, எளிய பாட்டுகளுக்கு மாறியது. முன்னைவிடப் பெரும் புகழும் பெற்றது. அதே காலின்ஸ் 1996-இல் விலகினார். இம்முறை வெளியிலிருந்து ரே வில்சன் என்ற இளைஞரைக் கொண்டுவந்தார்கள். 1997-இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். அது முன்போல வரவேற்புப் பெறவில்லை. குழுவும் ஓய்ந்துபோனது.

அப்படியானால் உள்ளே இருப்பவர்தான் பாட வேண்டும், வெளியாள் ஆகாது என்று சொல்லிவிடலாமா? அதுவும் முடியாது. ஆஸ்திரேலியாவின் ஏசி டிசி குழுவின் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் திடீரென்று இறந்தார். குழுவினர் இங்கிலாந்திலிருந்து பிரையன் ஜான்சன் என்பவரைச் சேர்த்துக்கொண்டு, அதே ஆண்டு ஜூலையில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். உலகில் மிக அதிகமாக விற்ற இசைத்தட்டுகளில் அது ஒன்றாகிவிட்டது. ஆகவே இதற்கு வாய்பாடு எதுவும் கிடையாது. கணக்குப் பாடம்போல விடையை முன்கூட்டியே எழுதி வைக்க இயலாது. ஒவ்வொரு குழுவும் தன் விடையைத் தானே தேட வேண்டும்.

இனி நம் குழுவுக்கு வருவோம். 2007 ஜூன் 4-ஆம் நாள் லோகநாதன் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நாட்டு மக்கள் கேட்டுவந்த குரல் அன்று நின்றது. அந்தச் செய்தியைக் கேட்டு மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற வேறுபாடு இல்லாமல் வருந்தினார்கள்.

டேவிட் முன் மூன்று வழிகள் இருந்தன என்று நான் எண்ணிப் பார்க்கிறேன். குழுவைக் கலைத்துவிடலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். தம்பியைப் போலவே பாடத் தெரிந்த ஓர் இளைஞரைத் தேடிப் பிடித்து முன்னால் நிறுத்தலாம். கேட்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டால் பழையபடியே இருக்கும். மூன்றாவது வழி, அண்ணனே முன்னால் வந்து பாடுவது. அவர் மூன்றாவது வழியில் நடந்தார். அல்லிகேட்ஸ் என்ற பெயரோடு அதன் பின்னரும் பல ஆண்டுகள் மேடையேறினார்.

அது எளிதான செயலா? தம்பி பாடிய பாட்டை அண்ணன் பாடும்போது, கேட்பவர் காதில் இரண்டு குரல்கள் ஒலிக்கும். ஒன்று எதிரில் நிற்பவருடையது, மற்றொன்று நினைவில் நிற்பது. டேவிட்டின் குரல் லோகநாதனின் குரலைவிடச் சற்றுக் கனமானது. ஒப்பிட்டுப் பார்க்காதவர் எவர்? போதாக்குறைக்கு, அந்தப் பாட்டுகளில் பல பிரிவையும் மறைவையும் பற்றியவை. தம்பியை இழந்த அண்ணன் அவற்றைப் பாட வேண்டும். நம் வீடுகளில் இறந்தவர் படத்துக்கு விளக்கேற்றும்போது நாக்குழறுவதை நாம் அறிவோம். அவரோ ஆயிரம் பேர் முன்னிலையில் சுருதி பிசகாமல் பாட வேண்டியிருந்தது.

ஆனாலும் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். காரணம் என்ன? டேவிட் 2007-இல் புதிதாக வந்தவர் அல்லர். தொடக்கம் முதலே அந்த மேடையில் நின்றவர். கோலாலம்பூர் நகரைப் பற்றிய ‘செனியும்லா கோலாலம்பூர்’ என்ற புகழ்பெற்ற பாட்டைத் தனிக்குரலில் பாடியவரும் அவரே. தம்பி உயிரோடு இருந்த காலத்திலேயே அண்ணனின் குரலும் மக்கள் காதில் பழகியிருந்தது. இரண்டாவது குரலுக்கும் இடம் கொடுத்து வைத்திருந்த குழு அது. முதற்குரல் நின்ற நாளில் அந்த இடம் குழுவைக் காப்பாற்றியது.

இந்த வரலாற்றை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் உண்டு. அது என் தவற்றைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பள்ளியில் ஒரு சிறிய பாட்டுக் குழு இருந்தது. ஆறு பிள்ளைகள். அவர்களில் ஒரு பையனுக்கு அருமையான குரல். எல்லாப் பாட்டையும் அவனுக்கே சொல்லிக்கொடுத்தேன். மற்ற ஐவரும் தாளம் போடுவார்கள், கடைசி அடியைத் திருப்பிச் சொல்லுவார்கள். கலைவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவன் குடும்பம் வேலையை முன்னிட்டு உலு திராமை விட்டுப் பாசிர் கூடாங்குக்குக் குடிபெயர்ந்தது. மறுநாள் பயிற்சிக்கு ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. “அவன் இல்லைன்னா எங்களால முடியாது சார்” என்றார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. முடியாதபடி வளர்த்தவன் நான். ஐந்து குரல்கள் என் எதிரிலேயே இருந்தும் ஒருநாளாவது அவற்றைத் தனித்தனியாகக் கேட்டதில்லை.

அன்று மாலைதான் ஒவ்வொருவராகப் பாடச் சொன்னேன். கஞ்சிரா தட்டிக்கொண்டிருந்த சிறுமியின் குரல் தாழ்ந்த குரல், ஆனால் உறுதியான குரல். பழைய பாட்டின் உச்சம் அவளுக்கு எட்டவில்லை. பாட்டை மாற்றினேன். சுருதியை இறக்கினேன். அவள் பாட்டி கும்மியடித்துப் பாடிய ஒரு பாட்டை அவளே கொண்டுவந்தாள். மூன்று வாரத்தில் எங்கள் குழு வேறொரு குழுவாகிவிட்டது. பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஐவரும் மேடையிலிருந்து தலைநிமிர்ந்து இறங்கினார்கள். அதற்குப் பின் எங்கள் குழுவில் எல்லாப் பிள்ளைகளும் எல்லாப் பாட்டையும் கற்கிறார்கள்.

நேயர்களே, மாற்றம் நமக்குப் புதிதல்ல. குலாய்க்கு அருகே தாயிப் அண்டாக் நிலக்குடியேற்றத் திட்டத்தில் 1961-இல் ஃபெல்டா முதன்முதலாகச் செம்பனை நட்டபோது, ரப்பருக்கு மாற்று வரும் என்று எத்தனை பேர் நினைத்தார்கள்? பிறகு ஜொகூர் மாநிலமெங்கும் பால்மரங்கள் விழுந்தன, செம்பனை எழுந்தது. பால்கத்தி பிடித்த கை, குலை அறுக்கும் அரிவாளைப் பிடிக்கக் கற்றது. இப்போது பல தோட்டங்களில் வீடமைப்பும் தொழிற்சாலையும் வந்துவிட்டன. நம் பிள்ளைகளின் வேலையும் பேசும் மொழிகளும் மாறுகின்றன. மாற்றத்தைத் தடுத்து நிறுத்த நம்மால் முடியாது. அடுத்து நிற்பவரை முன்கூட்டியே பழக்கிவைக்க முடியும்.

உங்கள் ஊர் உறுமி மேளக் குழுவையும் கோயில் பஜனைக் குழுவையும் சற்றே நினைத்துப் பாருங்கள். ஒருவரே பாடி, ஒருவரே நடத்தி, அவர் போனதும் மேளங்கள் உறையோடு கிடக்கும் நிலை எத்தனை இடங்களில் உண்டு! பின்வரிசையில் தாளம் போடும் பிள்ளையையும் இந்த வாரம் ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள். முதலில் குரல் நடுங்கும். கேட்பவர்கள் சிரிக்கவும் கூடும். சிரிக்கட்டும், பாடவிடுங்கள். பினாங்கில் ஓர் அண்ணன் பல்லாண்டுகள் தம்பிக்குப் பக்கத்தில் நின்று பாடினார். தம்பி போன பிறகு அந்தப் பாட்டு அநாதையாகாமல் இருந்ததற்கு அதுவே காரணம்.